அச்சில் வார்த்த பந்தயக் கார்கள்

1957-ஆம் வருஷம் ஜூலை மாதம் 20-ஆம் தேதியன்று, இங்கிலாந்தின் மேற்குக் கரையிலுள்ள லிவர்பூல் நகரத்தை ஒட்டி, குதிரைப் பந்தயத்தினால் உலகப் பிரசித்தி பெற்ற ஐன்ட்ரீ மைதானத்தைச் சுற்றி அமைந்த பாதையில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. தம்முடைய கார் கோளாறு செய்யவே அதை விட்டு இறங்கி, அதே கோஷ்டியைச் சேர்ந்த டோனி புரூக்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த காரில் ஏறி அமர்ந்து, பின்தங்கிய நிலையிலிருந்து ஒவ்வொருவராக முந்திச் சென்று முதலாவதாக வந்து சேர்ந்தார் ஸ்டர்லிங் மாஸ். வான்வால் என்ற பெயர் கொண்ட அந்தப் பச்சை வர்ணக் காரே உலகச் சாம்பியன் பட்டத்துக்குரிய கிராண்ட் பிரீ ஒன்றில் வெற்றி கண்ட முதல் பிரிட்டிஷ் கார். பந்தயம் நடந்த இடத்திலிருந்து சில மைல் தூரத்திலேயே, அதே நகரத்தின் பின்ஸ் ரோடு என்னும் தெருவில், மெக்கானோ கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்து மறு வருஷமே, 239 என்ற எண்ணுடைய சின்னஞ்சிறு வான்வால் ஒன்று, அதே பச்சை வர்ணத்தோடு, டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் கடைகளுக்கு வந்துவிட்டது. ஐன்ட்ரீயில் வேலியோரம் நின்று பார்த்த பையன்களில் எத்தனையோ பேர் அதைக் கைச்செலவுக் காசில் வாங்கியிருப்பார்கள்.

பந்தயப் பாதையில் ஓடிய கார், அந்தச் சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையில் அடங்கும் பொம்மையாகி விடுவதும், அந்தப் பொம்மையைப் பிற்காலத்தில் வயது வந்தவர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்துப் போற்றுவதும் ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டுக் காலமாக வளர்ந்து வந்திருக்கும் வழக்கம். இதன் சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் பார்த்தால், பந்தய வீரர்களின் கீர்த்தியும் சேகரிப்பவர்களின் அபிமானமும் இதை வளர்த்தன என்பது ஒருபுறமிருக்க, எந்தக் கார் பொம்மையாக வேண்டும், எந்தக் கார் மறக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் அச்சு செய்வதற்கு ஆகும் செலவுதான் என்பது புலனாகும்.

முதலில் தகரத்தின் காலம். இத்தாலியரின் ஆல்பா ரோமியோ பி2 கார் 1925-ஆம் வருஷத்தில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றதை அடுத்து, பிரான்ஸில் சி.ஐ.ஜே. என்ற ஸ்தாபனத்தார் அதன் வடிவத்தில், சாவி கொடுத்தால் ஓடக்கூடிய தகரப் பொம்மை ஒன்றைச் செய்தார்கள். அதன் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர். மூல வண்டி இத்தாலியச் சிவப்பில் ஓடியதென்றால், பொம்மையோ நீலம், பச்சை என்று பல வர்ணங்களில் விலைக்குக் கிடைத்தது. குழந்தை கேட்கிற வர்ணத்தைக் கொடுப்பதுதானே வியாபாரம்? ஜெர்மனியில், பொம்மைத் தொழிலுக்கே தலைநகர் என்று சொல்லத்தக்க நியூரம்பர்க் நகரத்தில், ஷூகோ கம்பெனியார் 1936-இல் ஸ்டூடியோ என்ற பெயரில் ஒரு மெர்ஸிடிஸ் பந்தயக் காரை வெளியிட்டார்கள். அதன் பெட்டிக்குள் சிறு கருவிகளும் இருந்தன. அவற்றைக் கொண்டு சக்கரங்களைக் கழற்றிப் பூட்டலாம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்கள் திரும்பும். பின் அச்சிலோ, மெய்யான வண்டியில் உள்ளதுபோலவே, வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பற்சக்கர அமைப்பு இருந்தது. பந்தயத்தின் நடுவே சக்கரம் மாற்றும் மெக்கானிக்கின் வேலையைப் பையன் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்தபடியே செய்து பார்க்கலாம். பிற்காலத்து விலையுயர்ந்த மாதிரிகளில் எத்தனையோ நுட்பங்கள் வந்துவிட்டன. இந்த ஒன்றுக்கு ஈடானது அவற்றில் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

தகரத்தை வென்றது துத்தநாகம். லிவர்பூலில் இறைச்சி இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர், தம் பிள்ளைகளுக்காகத் துளையிட்ட உலோகப் பட்டைகளைச் செய்து, அவற்றைத் திருகாணியால் பூட்டிப் பாலமும் பாரந்தூக்கியும் அமைக்கும் விளையாட்டுக்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். அதுவே மெக்கானோ ஆயிற்று. 1920-இல் அவர் பொம்மை ரயில்கள் செய்யத் தொடங்கினார். அந்த ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்கென்று மனிதர்களையும் மிருகங்களையும் செய்தவர், 1933-ஆம் வருஷக் கடைசியில் ஆறு வண்டிகள் கொண்ட ஒரு தொகுதியை வெளியிட்டார். அடுத்த வருஷமே அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்ற பெயர் வந்தது. அதே வருஷம் அவற்றோடு ஒரு பந்தயக் காரும் சேர்ந்தது. ஆக, டிங்கியின் பந்தயக் கார் பிறந்தது ரயிலுக்குத் துணையாகத்தான். இதற்கு ஒரு சான்று இன்றளவும் நிலைத்திருக்கிறது. சேகரிப்பவர்களில் பலர் பிரமாணமாகக் கொள்ளும் அளவு நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. நாற்பதும் இல்லை, ஐம்பதும் இல்லை. இந்தக் கோணல் எண் எங்கிருந்து வந்தது என்றால், பிரிட்டிஷ் பொம்மை ரயிலின் ஓ கேஜில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது கணக்கு. ஓர் அடியாகிய 304.8 மில்லிமீட்டரை ஏழால் வகுத்தால் 43½ வரும். ரயிலை அறவே மறந்துவிட்ட சேகரிப்பாளரும் ரயில் போட்ட கணக்கிலேயே இன்று கார் வாங்குகிறார்.

ஆரம்பத்தில் ஈயத்தில் வார்த்தார்கள். சீக்கிரத்திலேயே அலுமினியம் முதலியவை சிறிதளவு கலந்த துத்தநாகக் கலப்பு உலோகத்துக்கு மாறினார்கள். எஃகுத் துண்டு இரண்டில் காரின் வடிவத்தைக் குடைந்து, இரண்டையும் இறுகப் பொருத்தி, உருகிய உலோகத்தை அழுத்தத்துடன் உள்ளே செலுத்தினால், கண் இமைக்கும் நேரத்தில் இறுகிக் கார் வெளியே விழும். பிசிறு நீக்கி, வர்ணம் தெளித்துச் சூட்டில் உலர்த்தி, அடித்தகட்டைத் தறைந்து, ரப்பர் டயர் மாட்டினால் வேலை தீர்ந்தது. ஒரு பொம்மைக்கு ஆகும் உலோகமும் உழைப்பும் அற்பம். ஆனால் அந்த எஃகு அச்சைக் குடைந்தெடுக்கும் நிபுணனின் கூலியோ அபாரம். பல்லாயிரம் பொம்மை விற்றாலன்றி அந்தச் செலவு மீளாது. ஆகவே பையன்கள் அனைவரும் பெயர் அறிந்த கார்களை மட்டுமே வார்க்க முடிந்தது. பந்தயத்தில் எட்டாவதாக வந்த கார், என்ஜின் பழுதாகிப் பாதியில் நின்ற கார், இவற்றுக்கெல்லாம் எஃகில் இடமில்லை.

வர்ணத்தின் கதை தனியே சொல்லத்தக்கது. 1900-ஆம் வருஷம் தொடங்கிய கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தில் கலந்துகொண்ட கார்கள் தனி மனிதரின் பெயரால் அன்றி நாட்டின் பெயரால் ஓடியதனால், நாட்டுக்கு ஒரு வர்ணம் என்ற சம்பிரதாயம் ஏற்பட்டது. பிரான்ஸுக்கு நீலம், பிரிட்டனுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, ஜெர்மனிக்கு முதலில் வெள்ளை, 1934 முதல் வெள்ளி என்று அது காலப்போக்கில் நிலைபெற்றது. (எடை மிகுந்துவிட்டதென்று முதல் நாள் இரவு வெள்ளை வர்ணத்தைச் சுரண்டியெடுத்தபோது அடியிலிருந்த அலுமினியம் பளபளத்ததே வெள்ளி வர்ணத்தின் பிறப்பு என்று மெர்ஸிடிஸ் கோஷ்டியின் தலைவர் நியூபவர் பிற்காலத்தில் எழுதிய கதை மிக அழகானது, ஆராய்ச்சியாளர்களில் பலர் அதை நம்புவதில்லை.) இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் டிங்கியார் இந்த மரியாதையைச் சட்டை செய்யவேயில்லை. அவர்களுடைய மெர்ஸிடிஸும் ஆட்டோ யூனியனும் சிவப்பிலும் நீலத்திலும் பச்சையிலும் மஞ்சளிலும் கூட விற்றன.

யுத்தம் முடிந்து 1950-களின் முற்பகுதியில் அவர்கள் வெளியிட்ட ஆறு கார்களைப் பார்க்கும்போதோ, காலம் மாறிவிட்டது தெரிகிறது. கூப்பர்-பிரிஸ்டல் பச்சை, எச்.டபிள்யூ.எம். இளம்பச்சை, டால்போ-லாகோ நீலம், ஆல்பா ரோமியோ சிவப்பு. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் பெராரி சிவப்பாக இல்லை. நீல உடலும் மஞ்சள் மூக்குமாக இருக்கிறது. மாஸெராட்டியோ சிவப்பின்மேல் வெள்ளைப் பட்டை தரித்திருக்கிறது. அறியாதவர் இதைப் பொம்மைக்காரனின் விளையாட்டு என்று தள்ளிவிடக்கூடும். உண்மையில் நீலமும் மஞ்சளும் அர்ஜென்டினாவின் வர்ணம். பாங்கியோ முதலிய அந்நாட்டு வீரர்கள் ஐரோப்பாவுக்கு வந்து இத்தாலியக் கார்களை ஓட்டியபோது அவற்றுக்குத் தங்கள் நாட்டு வர்ணத்தையே பூசிக்கொண்டார்கள். சிவப்பும் வெள்ளையும் ஸ்விட்ஸர்லாந்தின் வர்ணம். வண்டி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையன்றி, அதைப் பந்தயத்துக்கு அனுப்பியவர் எந்த நாட்டவர் என்பதையே வர்ணம் குறிக்கும் என்ற நுட்பமான விதியை ஒரு பொம்மைக் கம்பெனி பத்து வயதுப் பையனுக்கு இவ்வாறு கற்பித்திருக்கிறது. அந்தப் பெராரியைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேலை முரடுதான்: சாரதியின் தலையும் தோளும் உடலோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டு, முகம் என்று சொல்ல ஒன்றுமில்லாமல், ஒரு சொட்டு வர்ணத்தால் மட்டும் மனிதனாக்கப்பட்டிருக்கும். ஆயினும் அது சரித்திரம் தெரிந்த பொம்மை.

சரித்திரம் சில சமயம் பொம்மையோடு குரூரமாகவும் விளையாடுகிறது. ஜார்ஜ் ஐஸ்டன் என்ற ஆங்கிலேயர், இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் விமான என்ஜின்கள் பூட்டிய தண்டர்போல்ட் என்ற ராட்சச வாகனத்தில், 1938-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் மணிக்கு 357½ மைல் வேகம் சென்று நிலத்தில் உலக வேகச் சாதனை நிறுவினார். அதே வருஷத்தில் டிங்கியின் வெள்ளி வர்ணத் தண்டர்போல்ட்டும் வெளிவந்தது. மெய்யான வாகனம் பொருட்காட்சிக்காக நியூஸிலாந்துக்குச் சென்று, யுத்தத்தினால் அங்கேயே தங்கி, 1946-இல் வெலிங்டனில் கிடங்கு தீப்பற்றி எரிந்தபோது அழிந்தது. எஞ்சியது பொம்மை, அதற்கும் வந்தது ஆபத்து. யுத்தத்துக்கு முன் வார்த்த துத்தநாகத்தில், தொழிற்சாலையில் வேறு வேலைக்குப் பயன்பட்ட ஈயம் போன்ற அசுத்தங்கள் மிகச் சிறிய அளவில் கலந்துவிட்டால், வருஷங்கள் செல்லச் செல்ல உலோகத்தின் பரல்களுக்கு இடையே அரிப்பு ஊர்ந்து பரவும். முதலில் பொம்மை மிக நுட்பமாகப் பருக்கும். பின்பு நடுவே வளையும். வர்ணத்தின்மேல் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். ஒரு நாள் தொட்டவுடன் பொடியாகும். ஈரமும் வெப்பமும் இதைத் துரிதப்படுத்தும். இதற்குப் பரிகாரம் கிடையாது. யாரும் கை வைக்காமல், பஞ்சில் சுற்றி, பெட்டிக்குள் பத்திரமாகக் காப்பாற்றிய கார் உள்ளேயே பொடியாகிக் கிடப்பதும், பக்கத்து வீட்டுப் பையன் மண்ணில் உருட்டி அடிபட்ட கார், நல்ல உலோகத்தில் வார்த்ததனால், தளராமல் நிற்பதும் சேகரிப்பவர்களுக்குப் பழகிப்போன விசித்திரம்.

டிங்கியின் வெற்றியைக் கண்டு மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரான்ஸில் ஸாலிடோ 1957-இல் தன் புகழ்பெற்ற 100-வது வரிசையை, லெ மான் பந்தயத்தில் வாகை சூடிய ஜாகுவார் டி-டைப்போடு ஆரம்பித்தது. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி நியூரம்பர்க்கிலிருந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்த பிலிப் உல்மன் நிறுவிய மெட்டாய் கம்பெனி, 1956-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீயிலிருந்து கார்கி என்ற பெயரில், ஜன்னலுக்குக் கண்ணாடி வைத்த கார்களை விற்றது. வான்வாலை டிங்கிக்கு முன்னதாகவே வெளியிட்டதும் அதுதான். லண்டனில் லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்ற விதி இருந்ததனால் தம் மகளுக்கென்று செய்து கொடுத்த சிறு ரோடு ரோலரிலிருந்து மேட்ச்பாக்ஸ் பிறந்தது. அதே லெஸ்னி, 1956 முதல் பழங்காலக் கார்களுக்கென்று தனி வரிசை ஒன்றை நடத்தியது. 1908-ஆம் வருஷத்து மெர்ஸிடிஸ் கிராண்ட் பிரீ காரும், லெ மானில் ஓடிய 1929-ஆம் வருஷத்துப் பென்ட்லியும் அதில் இடம்பெற்றன. பையன்கள் பிறப்பதற்கு வெகு முன்னரே ஓடி ஓய்ந்த கார்களைப் பையன்களுக்கா விற்றார்கள்? வாங்கியவர்களில் தகப்பனார்களும் கணிசமாக இருந்திருக்க வேண்டும்.

1968-ஆம் வருஷம் இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவில் மாட்டெல் கம்பெனி ஹாட் வீல்ஸ் என்ற பெயரில், மெல்லிய கம்பி அச்சில் உராய்வின்றி வெகு தூரம் ஓடும் சக்கரங்களைக் கொண்டுவந்தது. அதன் வேகத்துக்கு முன் பழைய கம்பெனிகளின் கார்கள் நகராத ஜடங்களாகத் தோன்றவே, அவைகளும் அவசர அவசரமாகச் சக்கரங்களை மாற்றி, அழகான பழைய கார்களுக்கும் பொருந்தாத அகலச் சக்கரங்களை மாட்டின. அதே வருஷத்தில் கிராண்ட் பிரீ பாதையில் லோட்டஸ் கோஷ்டியார் பிரிட்டனின் பச்சையைத் துடைத்துவிட்டு, பணம் கொடுத்த சிகரெட் கம்பெனியின் சிவப்பும் வெள்ளையும் பொன்னிறமும் பூசிக்கொண்டார்கள். நாட்டு வர்ணம் போய் விளம்பர வர்ணம் வந்தது. அதன் பின் வீழ்ச்சி வேகமாக நடந்தது. பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. லெஸ்னி 1982-இலும் மெட்டாய் 1983-இலும் திவாலாயின.

இவர்கள் விட்ட இடத்தை நிரப்பியவர்கள் முதலாளிகள் அல்லர், பித்தர்கள். சிறுவயதில் உருட்டிய கார்களைப் பெரியவர்களான பின் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர்கள் அதற்குள் பெருகியிருந்தார்கள். ஸீஸில் கிப்ஸன் 1966-இலேயே டிங்கியின் சரித்திரத்தை ஒரு புத்தகமாக எழுதிவிட்டார். ஆனால் தாங்கள் விரும்பிய கார்களை எந்தக் கம்பெனியும் வார்க்கவில்லையே என்ற குறை அவர்களுக்கு இருந்தது. எஃகு அச்சு வேண்டாம், ரப்பர் அச்சு போதும் என்று கண்டதுதான் இந்தச் சரித்திரத்தின் பெரிய திருப்பம். வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த உலோகம் குறைந்த சூட்டிலேயே உருகுவதனால் ரப்பர் அதைத் தாங்கும். சுழலும் அச்சில் ஊற்றினால் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். சில நூறு பிரதிகளில் ரப்பர் தேய்ந்துவிடும், அதனால் என்ன? வாங்குவோரும் சில நூறு பேர்தானே. 1970-களில் இங்கிலாந்தில் ஜான் டே, பிரான்ஸில் ஆந்த்ரே-மரி ரூப் போன்றவர்கள் சிறு பட்டறைகளிலிருந்து இத்தகைய கார்களை, பெரும்பாலும் கோக்காத துண்டுகளாகவே, அனுப்பலானார்கள்.

அத்தகைய துண்டுகளை வாங்கியவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிற உலோகத்தின் பிசிறை மெல்லிய அரத்தால் ராவி, குழிகளில் மாவு அடைத்து, ஈர உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் தெளித்து, மீண்டும் தேய்த்து, மீண்டும் தெளித்து, வாரக்கணக்கில் உழைத்த பின்னரே அது காரின் முகம் கொள்ளும். பந்தய எண் அச்சிட்ட படத்தைக் கத்தரித்துத் தண்ணீரில் ஊறவைத்தால், தாளைவிட்டு ஒரு சவ்வு நழுவும். அதைத் தூரிகையின் நுனியால் எடுத்து, வளைந்த மூக்கின்மேல் சுருக்கம் விழாமல் படிய வைக்க வேண்டும். மூச்சு விட்டால் நகர்ந்துவிடும். ஒரு எண் கிழிந்தால் கார் முழுவதும் கெட்டது. இவ்வளவு சிரமமும் மூன்றாம் சுற்றிலேயே நின்றுபோன ஏதோ ஒரு காருக்காக! எஃகு அச்சு ஒதுக்கித் தள்ளிய தோல்விகளுக்கெல்லாம் ரப்பர் அச்சு இடங்கொடுத்தது. தோற்றவர்களின் சரித்திரமும் அலமாரியில் ஏறியது.

அதற்குப் பின் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1990 முதல் ஜெர்மனியின் ஆகென் நகரத்து மினிசாம்ப்ஸ், சீனத் தொழிலாளரின் கைத்திறனைக் கொண்டு, முழுதும் கோத்து முடித்த கார்களையே மலிவாக விற்கத் தொடங்கியது. துண்டு கோக்கும் கலை அதோடு ஒடுங்கியது. ஸ்பார்க் கம்பெனி, ரெசினை மென்மையான அச்சில் வார்த்து, லெ மான் பந்தயத்தில் ஒரு வருஷம் ஓடிய வண்டிகளில் ஏறத்தாழ எல்லாவற்றையுமே செய்கிறது. ஸி.எம்.ஸி. என்ற ஜெர்மானிய ஸ்தாபனத்தின் பதினெட்டில் ஒரு பங்குக் கார்கள் சிலவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகள் உண்டு. சக்கரத்தின் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கையால் கோக்கிறார்கள். சிகரெட் விளம்பரம் தடைப்பட்டதனால், விளம்பரம் இருந்த இடம் வெறுமையாகக் காரை விற்பதும், வாங்கியவர் வேறிடத்தில் அந்த எழுத்தை வாங்கி ஒட்டிக்கொள்வதும் ஒரு வேடிக்கை. இந்தக் கார்களின் நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் ரெசின் காரின் கதவு திறக்காது. கீழே விழுந்தால் உடையும். பெட்டியின்மேலேயே, இது விளையாட்டுப் பொருள் அன்று, வயது வந்த சேகரிப்பாளருக்கு உரியது என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. நவராத்திரிக் கொலுப்படியில் வைத்த பொம்மையைப்போல் பார்க்கத்தான், எடுக்க அல்ல. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால், முகமில்லாத சாரதி அமர்ந்த அந்த நீலப் பெராரியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

இந்தச் சரித்திரம் நம் தேசத்தையும் சிறிது தொட்டுச் செல்கிறது. 1960-களின் இறுதியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு விற்கப்பட்டன. அவற்றில் வார்த்த கார்கள் நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் இந்தியக் கடைகளில் விற்றன. தேய்ந்த அச்சு, தடித்த வர்ணம் என்று அக்காலத்தில் அலட்சியம் செய்யப்பட்ட இவற்றை இன்று ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டிக்குள் அப்படிப்பட்ட கார் ஒன்று அகப்பட்டால், முதலில் அதன் அடித்தகட்டில் உள்ள எழுத்தைப் படியுங்கள்; அட்டைப் பெட்டி இருந்தால் அதைக் கிழிந்திருக்கிறதென்று எறிந்துவிடாதீர்கள், காரைவிடப் பெட்டி அரிதாகி அதிக விலை பெறுவதும் உண்டு; ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எக்காரணத்தைக் கொண்டும், அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் புது வர்ணம் மட்டும் பூசிவிடாதீர்கள்.